யாரோடு ஆடவிட்டீர்கள்?

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்தால் வயல்களில் ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை கோடை முழுக்க டென்னிஸ் பந்து டோர்னமென்ட்தான். நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் காலனி அணியில் இடக்கை ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். ஒரு கோடை முழுக்க அவன் அடிக்காத பந்துவீச்சாளன் இல்லை. சுற்றுவட்டார அணி ஒன்றுக்கு ஆள் எடுத்தபோது அவன் பெயரைச் சொன்னோம். ஆள் எடுத்தவர் சிரித்தார். "அவன் சப்ப டீமுகிட்ட அடிச்சவன்டா தம்பி. நல்ல பவுலிங்கப் பாத்திருக்கானா?"

பார்த்ததில்லைதான். ஏனென்றால் நல்ல பந்துவீச்சு இருந்த ஊர்த்தெரு அணி எங்களோடு ஆடாது. சீட்டுக் குலுக்கலில் எங்கள் பெயரோடு சேர்ந்து வந்துவிட்டால், "பசங்க வரல" என்று ஒதுங்கிக்கொள்ளும். காலனியிடம் ஜெயித்தால் பெருமையில்லை, தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது அவர்கள் கணக்கு. எங்களுக்கு வாக்ஓவர் கிடைக்கும், அடுத்த சுற்றும் கிடைக்கும். பலமான அணியோடு ஓர் ஆட்டம் மட்டும் கிடைக்காது. எங்களோடு ஆட மறுத்தவர்களே பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள் யாரோடு ஆடினீர்கள்?" என்று கேட்டார்கள்.

எதிரணியின் பலத்தை வைத்து ரன்னை எடைபோடுவதில் தவறில்லை. வெறும் சராசரியைப் பார்த்து அணி எடுப்பவர் நல்ல தேர்வாளராக இருக்க முடியாது. ஆனால் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. அந்தத் தராசு எல்லோருக்கும் ஒன்றுபோல நிற்கிறதா? பலமான எதிரணியைச் சந்திக்கும் வாய்ப்பை யார் பங்கிடுகிறார்கள்? இவற்றைக் கேட்காமல் ‘தகுதி’ என்ற சொல்லை உச்சரிப்பது நேர்மையாகாது.

வினோத் காம்ப்ளியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மும்பைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தவர். 1993 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக மும்பையில் 224. அடுத்த டெஸ்டில் சிம்பாப்வேக்கு எதிராக டெல்லியில் 227. அதே ஆண்டு கொழும்பில் இலங்கைக்கு எதிராக 125, 120. 1994 இறுதியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தது. வால்ஷ் போன்றவர்களின் எகிறு பந்துகளுக்கு எதிரே ஆறு இன்னிங்ஸில் 64 ரன்கள்தான். உடனே தீர்ப்பும் வந்துவிட்டது: பலவீனமான அணிகளை அடித்தவர், வேகத்துக்கு நிற்க மாட்டார். 1995 நவம்பரில் முடிந்த நியூசிலாந்து தொடரே அவருக்குக் கடைசி டெஸ்ட் தொடர். அதில் அவர் பேட் பிடித்தது இரண்டே இன்னிங்ஸ். அப்போது வயது 23. மொத்தம் 17 டெஸ்ட், 1084 ரன்கள், சராசரி 54.20.

காம்ப்ளி நீக்கப்பட்டதற்குச் சாதிதான் காரணம் என்று நான் இங்கே நிறுவ வரவில்லை. அவருடைய நடத்தை குறித்தும் அப்போது பேசப்பட்டது. என் கேள்வி தராசைப் பற்றியது. மாரவன் அட்டப்பட்டுவின் முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தது ஒரே ஒரு ரன். மற்ற ஐந்தும் பூஜ்யம். 1990 முதல் 1994 வரை விழுந்துகொண்டே இருந்தவரை இலங்கைத் தேர்வாளர்கள் பிறகும் அழைத்தார்கள். அவர் 90 டெஸ்ட் ஆடி 5502 ரன்கள் குவித்தார். அவருடைய ஆறு இரட்டைச் சதங்களில் நான்கு சிம்பாப்வே, வங்கதேசத்துக்கு எதிரானவை. அதனால் அவர் மட்டம் ஆகிவிடவில்லை. காத்திருந்தார்கள், அவரும் கற்றுக்கொண்டார். காம்ப்ளிக்கு ஒரு மோசமான தொடரைத் தாண்டிக் கற்றுக்கொள்ள அவகாசம் தரப்படவில்லை. அவர் அடித்த அந்த ‘பலவீனமான’ இலங்கை 1996இல் உலகக் கோப்பையை வென்றது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

ஆட மறுப்பது எங்கள் ஊர்த்தெருவின் கண்டுபிடிப்பு அல்ல. நிறவெறி தென்னாப்பிரிக்கா 1970 வரை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு மட்டுமே டெஸ்ட் ஆடியது. இந்தியா, பாகிஸ்தான், வெஸ்ட் இண்டீஸோடு ஒன்றுகூட இல்லை. கிரீம் பொல்லாக் 23 டெஸ்டில் 60.97 சராசரி வைத்திருக்கிறார். வெஸ்லி ஹால், சார்லி கிரிஃபித்தின் வேகத்தை டெஸ்டில் ஒருமுறையும் அவர் சந்திக்கவில்லை. அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘வெஸ்ட் இண்டீஸைப் பார்த்திருக்கிறாரா?’ என்று கேட்டு அவரை யாரும் பெரியவர்கள் பட்டியலிலிருந்து இறக்குவதில்லை. விலக்கியவர்களுக்கு அந்த விலக்கல் ஒரு குறையாகவே எண்ணப்படுவதில்லை. விலக்கப்பட்டவர்களிடம்தான் சான்று கேட்கப்படுகிறது.

சரி, பலமான அணியை வென்றுகாட்டினால் கதவு திறந்துவிடுமா? தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளப் பணியாளராக இருந்தவர். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். பேட் அவர் கைக்கு வரவில்லை. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அதைவிடப் பலமான எதிரணி அன்று ஏது? ஆனாலும் பம்பாய் தொடரில் இந்து அணியின் தலைவராக அவர் நியமிக்கப்படவே இல்லை. அந்த இடத்துக்கு அவருடைய தம்பி விட்டல் வந்தது 1923இல்தான்.

நூறாண்டுக்குப் பிறகும் வலைப்பந்து வீச்சு என்ற பின்வாசல் இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் எடுக்கப்பட்டது வலையில் பந்து வீசத்தான். வரிசையாகப் பலர் காயம்பட்டதால் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இறங்கினார். முதல் இன்னிங்ஸில், சதமடித்த லபுஷேன் உட்பட மூன்று விக்கெட். இந்தியா டெஸ்டையும் தொடரையும் வென்றது. பிறகு முழங்கால் அறுவைச் சிகிச்சை குறுக்கே வந்தது. அவருக்கு டெஸ்ட் அதோடு சரி. ஒரு கிராமத்துப் பையனின் தரம் வெளியே தெரிய, மற்றவர்களின் காயங்கள் தேவைப்பட்டன.

தேனிக்குத் திரும்புவோம். மாநிலத்தின் பலமான லீக் ஆட்டங்கள் சென்னையில் நடக்கின்றன. சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில் தேனி வரை திரும்பியதே 2022இல்தான். சென்னை ரயில் போடிக்கு வந்தது 2023இல். திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, லெதர் பந்தையும் டர்ஃப் ஆடுகளத்தையும் எப்போது பார்ப்பான்? பார்க்காதவனிடம் ‘பார்த்திருக்கிறாயா?’ என்று கேட்பதற்குப் பெயர் தேர்வு அல்ல.

தேர்வாளர்களிடம் நாம் கேட்க வேண்டியது சலுகை அல்ல. ஒரு வீரன் யாரை அடித்தான் என்று எழுதும் அதே தாளில், பலமான அணிக்கு எதிராக அவனுக்கு எத்தனை இன்னிங்ஸ் தரப்பட்டது என்பதையும் எழுதுங்கள். அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், அது அவனுடைய பூஜ்யம் அல்ல, உங்களுடையது. மாவட்ட அணிகளுக்குச் சென்னையின் முதல் டிவிஷன் அணிகளோடு ஆண்டுதோறும் ஆட்டம் கொடுங்கள்.

நம் கையில் இருக்கும் வேலையும் ஒன்று உண்டு, தோழர்களே. நம் ஊர் டோர்னமென்ட்களை நடத்துபவர்களில் நம் நண்பர்களும் இருக்கிறார்கள். குலுக்கலில் வந்த அணியோடு ஆட மறுத்தால் அடுத்த ஆண்டும் இடமில்லை என்று ஃப்ளெக்ஸில், பரிசுத் தொகைக்குக் கீழேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.

அந்த இடக்கை ஆட்டக்காரன் இன்று கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பை ஓட்டுகிறான். அதிகாலையில் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிறான். அவன் நல்ல பந்துவீச்சுக்கு நின்றிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆட்டம் போதுமாயிருந்தது. அந்த ஆட்டத்துக்குத்தான் ‘பசங்க’ வரவில்லை.