கலைக்க முடியாத சபை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரசியல் பேசாதீர்கள் என்று தங்கமணி எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ஹைதராபாத் வந்து பன்னிரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் தேர்தல் செலவைப் பற்றிப் பேச்சு வந்தது. "எதுக்கு சார் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் இந்தக் கூத்து? நல்லவங்க வந்துட்டா அப்படியே விட்டுடலாமே" என்றார் திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவர். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதால் அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நல்லவர்களாக வந்து, போகாமலே இருந்துவிட்ட சபை ஒன்று சரித்திரத்தில் உண்டு. 1640 நவம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் கூடிய நெடும் பாராளுமன்றம்.

முதலாம் சார்லஸ் 1629இலிருந்து 11 வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். பணத்துக்குக் கப்பல் வரி. கடலோர ஊர்கள் ஆபத்துக் காலத்தில் கொடுத்து வந்ததை நாடு முழுவதற்கும் விரித்துவிட்டார். ஜான் ஹாம்ப்டன் என்பவர் வெறும் 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம்! பிறகு ஸ்காட்லாந்தோடு சண்டை, கஜானா காலி. 1640 ஏப்ரலில் பாராளுமன்றத்தைக் கூட்டினார், மூன்றே வாரத்தில் கலைத்தார். நவம்பரில் மறுபடி கூட்ட வேண்டியதாயிற்று. வந்தவர்கள் அந்த மூன்று வாரத்தை மறக்கவில்லை.

முதல் வருடத்தில் அவர்கள் செய்ததற்கு நானாக இருந்தாலும் கைதட்டியிருப்பேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பாராளுமன்றம் கூடியே ஆகவேண்டும் என்று சட்டம். கப்பல் வரி செல்லாது. ராஜாவின் கையாளாக இருந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஒழிந்தது.

இதற்கு நடுவில் 1641 மே 10ஆம் தேதி இன்னொரு சட்டத்துக்கும் ராஜா ஒப்புதல் கொடுத்தார்: இந்தப் பாராளுமன்றத்தை அதன் சம்மதமில்லாமல் யாரும் கலைக்க முடியாது. காரணம் நியாயமானதுதான். படைகளுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்க வேண்டும். நாளைக்கே கலைந்துபோகக்கூடிய சபையை நம்பி எவன் கடன் கொடுப்பான்? ஆனால் அந்தச் சட்டத்தில் முடிவுத் தேதி இல்லை. என்னைக் கேட்டால் அத்தனை வினையும் அங்கேதான் ஆரம்பம்.

பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த காட்சி 1642 ஜனவரி 4. ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ராஜாவே ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சபைக்கு வந்துவிட்டார். எங்கே அவர்கள் என்று கேட்டதற்கு, சபை சொன்னாலொழிய எனக்குக் கண்ணும் இல்லை வாயும் இல்லை என்ற பொருளில் மண்டியிட்டுப் பதில் சொன்னார் சபாநாயகர் லெந்தால். புல்லரிக்கிற இடம்தான், மறுக்கவில்லை. அடுத்த வருடம் அதே சபை செய்ததையும் பாருங்கள். உள்நாட்டுப் போர் நடத்தப் பணம் வேண்டுமென்று பீர் முதலிய பொருள்களுக்குக் கலால் வரி போட்டது. 20 ஷில்லிங்குக்காக எழுந்த கூட்டம் ஏழையின் பீர் குவளையில் கைவைத்தது! ஸ்டார் சேம்பரோடு ஒழிந்த அச்சுத் தணிக்கையையும் 1643இல் திரும்பக் கொண்டு வந்தது. அதை எதிர்த்து மறு வருடம் எழுதியவர் மில்டன். அவர் ராஜா கட்சியே அல்ல, பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர்.

1647இல் லெவலர்கள் என்ற சாமானியர் கூட்டம், 1648 செப்டம்பர் கடைசியில் இந்தச் சபை கலைய வேண்டும், இனி இரண்டு வருடத்துக்கு ஒரு பாராளுமன்றம் என்று தேதி போட்டுக் கேட்டது. சபை அசையவில்லை. 1648 டிசம்பர் 6ஆம் தேதி கர்னல் பிரைட் பட்டியலோடு வாசலில் நின்று, ராணுவத்துக்குப் பிடிக்காதவர்களை உள்ளே விடாமல் தடுத்தார். மிஞ்சியவர்களுக்குத்தான் 'ரம்ப்' என்று பின்னாளில் பெயர் வந்தது (மாட்டின் பின்பக்கம் என்று அர்த்தம், இதற்கு மேல் விளக்க மாட்டேன்). ராஜாவின் தலையை 1649 ஜனவரியில் வாங்கியதும், பிரபுக்கள் சபையை ஒழித்ததும் இந்த மிச்சம்தான்.

1653 ஏப்ரல் 20ஆம் தேதி கிராம்வெல் சிப்பாய்களைக் கூட்டி வந்து இவர்களையும் விரட்டினார். ராஜாவுக்கு வாய் திறக்காத அதே லெந்தாலை நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். அன்று விவாதத்தில் இருந்தது புதுத் தேர்தல் மசோதா. அதை கிராம்வெல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் என்ன இருந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. நாங்கள் சம்மதிக்கவில்லையே, சட்டப்படி கலையவே இல்லையே என்ற வாதம் உயிரோடு இருந்தது. 1659இல் ராணுவமே அவர்களைத் திரும்பக் கூப்பிட்டது. வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் ஜெனரல் மங்க் உள்ளே சேர்த்த பிறகு, 1660 மார்ச் 16ஆம் தேதி சபை தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. 19 வருடம் 4 மாதம்! மக்கள் களைத்துப்போய் ராஜாவின் மகனையே அழைத்துக்கொண்டார்கள். அந்த மகனும் தனக்கு இசைவாகக் கிடைத்த சபையை 1661இலிருந்து 1679வரை கலைக்கவில்லை.

எந்தச் சபையும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 1694இல்தான் வந்தது. 1641இல் அவர்கள் போட்டது கூட்டியே ஆகவேண்டும் என்ற சட்டம். போயே ஆகவேண்டும் என்று எழுத அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் அரசியல் சட்டத்தின் 83ஆவது பிரிவில் இந்த இரண்டாவது பாடம் இருக்கிறது. மக்களவைக்கு ஐந்து வருடம். நெருக்கடி நிலையில் நீட்டினாலும் ஒரு தடவைக்கு ஒரு வருடம்தான், நெருக்கடி முடிந்தால் ஆறே மாதம். 1971இல் தேர்ந்தெடுத்த மக்களவையை 1976இல் இப்படித்தான் நீட்டினார்கள், அதுவும் இரண்டு முறை. போதாதென்று 42ஆவது திருத்தத்தில் ஆயுளையே ஆறு வருடமாக்கினார்கள். 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. அடுத்த வருடம் 44ஆவது திருத்தம் அந்த ஆறை மறுபடி ஐந்தாக்கியது.