ஆர்வம் இருக்கு என்றால் போதாது, அது தெரியவும் வேண்டும்

ஜேர்மனியில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கிற எங்கட பிள்ளையள் சிலர், ஊக்கக் கடிதத்தை அனுப்ப முதல் என்னிடம் காட்டுவார்கள். புள்ளிகள் நல்லாயிருக்கும், மொழியில் பிழை இராது. ஆனால் பல கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான். ‘சிறு வயது முதலே தீராத ஆர்வம்’, ‘உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகம்’, ‘நான் கடின உழைப்பாளி’. பெயரை மட்டும் மாற்றினால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். பிரச்சினையே அதுதான்.

இங்கே கலாநிதி ஆய்வு என்பது பெரும்பாலும் வெறும் படிப்பு இல்லை, வேலை. ஒப்பந்தம் உண்டு. அரச பல்கலைக்கழகம் என்றால் வழமையாக 13ஆம் தரச் சம்பளம். ஆனால் பல துறைகளில் அரை நேரத்துக்கோ முக்கால் நேரத்துக்கோதான் கிடைக்கும். வழிகாட்டும் பேராசிரியரை ‘டொக்டர்ஃபாட்டர்’, ‘டொக்டர்முட்டர்’ என்று தகப்பன், தாய் முறையில் சொல்லுகிற நாடு இது. மூன்று நாலு வருசம் தன்னோடு நிற்கப் போகிறவரை அவர் தேடுகிறார். மக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளில் ஒரு குழு இருந்து தெரிவு செய்யும். அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: இவர் ஏன் இந்த ஆய்வுக்கு வாறார், பரிசோதனை பிழைக்கிற நாளிலும் நிற்பாரா?

1930இல் காந்தி தண்டிக்கு நடந்தார், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்தக் காலத்தில் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தவர் ராம் மனோகர் லோகியா, பிற்காலத்தில் இந்திய சோசலிசத் தலைவர். அவர் கலாநிதி ஆய்வுக்கு எடுத்த பொருள் இந்தியாவின் உப்பு வரி. நாடே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவர் தன்ர ஆய்வுக் கேள்வி ஆக்கினார். அப்படிப்பட்டவர் ‘எனக்கு ஆர்வம் உண்டு’ என்று தனியாக எழுதத் தேவையில்லை.

எல்லாருக்கும் அவ்வளவு பெரிய கேள்வி வாய்க்காது, தேவையும் இல்லை. மாஸ்டர் ஆய்வில் எந்த முடிவு உங்களைக் குழப்பியது? அந்தக் குழுவின் எந்தக் கட்டுரை அதோடு தொடுபடுகிறது? எந்த முறை உங்களுக்குக் கைவந்தது, எதை அங்கே போய்ப் பழக வேண்டும்? இதை நாலு பந்தியில் நேராக எழுதினால் ஆர்வம் தானாகத் தெரியும்.

எங்களுக்கு இதில் ரண்டு தடைகள். ஒன்று, தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது என்ற வளர்ப்பு. செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்புகழ்ச்சி இல்லை. மற்றது வீடு. டொக்டர் என்றால் வெள்ளைக் கோட்டு என்று நினைக்கும் பெற்றோர், ‘இன்னும் எத்தனை வருசம் படிக்கப் போறாய்?’ என்று கேட்கிறார்கள். வேறு சில வீடுகளில் பிள்ளையை விடப் பெற்றோருக்குத்தான் பட்டத்தில் ஆசை. ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் சிலருக்கு ஜேர்மனிக்கு வந்தால் போதும், தலைப்பு எதுவும் சரி. வர ஆசைப்படுவது குற்றம் இல்லை. ஆனால் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அழகான கடிதம் வரும். நேர்காணலில் ரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியும் இடம் கிடைத்துவிட்டால் இன்னும் சிக்கல். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டத்துக்கு முன் இப்படியான தற்காலிக ஒப்பந்தங்களில் பொதுவாக 6 வருடம்தான் இருக்கலாம். மனம் ஒட்டாத ஆய்வில் அந்த வருடங்கள் போனால் திருப்பித் தர ஆளில்லை.

ஆகவே பிள்ளையளுக்குச் சொல்லுகிறேன்: ‘ஏன் இந்த ஆய்வு?’ என்பதற்குப் பதிலை முதலில் உங்களுக்கே எழுதிப் பாருங்கோ. வரேல்லை என்றால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. பெற்றோரும் அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும்.