நிமிர்ந்து நில் என்பவர்களுக்கு

"நிமிர்ந்து உட்கார்!"

இந்தச் சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எவருமிலர். பள்ளியில் ஆசிரியர் சொன்னார். வீட்டில் பாட்டி சொன்னார். கூன் விழுந்தால் அழகு கெடும் என்றார் ஒருவர். வளைந்து உட்காருவது சோம்பலின் அடையாளம் என்றார் மற்றொருவர். ஆனால் உண்மையான காரணங்களுள் ஒன்றை மட்டும் எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. நம் உடலின் அடித்தளத்தில் ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. நாம் உட்காரும் முறையும் நிற்கும் முறையும் அதற்கு உதவுகின்றன, அல்லது ஊறு செய்கின்றன. சிறுநீரை அடக்குவதும், கருப்பையைத் தாங்குவதும் அதன் பணி. அதனால்தான் போலும், நாணம் என்னும் திரைக்குப் பின்னே அது மறைக்கப்பட்டுவிட்டது.

அந்தத் திரையை இவ்விதழில் சற்றே விலக்க விரும்புகிறேன். "மாணவர் மன்ற இதழில் இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டென்பதை அறிவேன். இதயத்தைப் பற்றி எழுதலாம், நுரையீரலைப் பற்றி எழுதலாம், இடுப்பைப் பற்றி மட்டும் எழுதலாகாது என்று விஞ்ஞானம் எங்கே விதித்திருக்கிறது?

நான் ஆரியங்கோட்டுப் பெண். எல்லைப்புறக் கிராமம் அது. பாறசாலையைக் கடந்து சிறிது தூரம் போனால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956-இல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது எல்லைக்கோடு கிராமங்களுக்கு நடுவே விழுந்தது. மக்களின் பிழைப்போ கோட்டுக்கு இருபுறமும் நடந்துகொண்டேயிருந்தது. கல்குளம் பக்கத்திலிருந்து ரப்பர் மரம் வெட்டும் வேலைக்காக வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா தோட்டத்துக்குப் போவார். நாளொன்றுக்கு முந்நூறு மரம். பட்டையில் வெட்டு கீழிறங்க இறங்க உடலும் குனிய வேண்டும். வெட்டி முடித்தபின் சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்து வாளியில் ஊற்றி, நிறைந்த வாளியைச் சரிவில் சுமந்து வர வேண்டும். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். கடைசித் தம்பி பிறந்து நாற்பது நாள் நிறைவதற்குள் மீண்டும் வாளியைத் தூக்கிவிட்டார். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது.

சில ஆண்டுகளில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். பேருந்தில் தொலைவாகப் போக அம்மா மறுத்தார். திருமண வீடுகளில் வாய்விட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். தும்மல் வந்தால் சட்டென்று கால்களைச் சேர்த்துக்கொள்வார். கேட்டேன். "அடிவயிறு கனக்குது மக்களே. பிள்ளை பெத்தவளுக்கு வயசானா இப்படித்தான்" என்றார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது!

முதுகலை விலங்கியல் வகுப்பில் இடுப்பெலும்பின் படத்தைப் பலகையில் வரைந்து பாடம் நடத்தியபோதுதான், என் தாயின் துன்பத்துக்குப் பெயருண்டு, காரணமுண்டு, பெரும்பாலும் பரிகாரமும் உண்டு என்பது எனக்கு விளங்கியது. இருபத்து மூன்று வயதில், பல்கலைக்கழகத்துக்கு வந்து அறிந்த செய்தி, அவரை இருபது வயதிலேயே எட்டியிருக்க வேண்டாமா?

இடுப்பெலும்பு அடிப்பக்கம் திறந்த ஒரு கிண்ணம். முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரையில் ஏணை கட்டியதுபோல் தசைகள் அந்தத் திறப்பை மூடி நிற்கின்றன. இவையே இடுப்புத் தளத் தசைகள். மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றின் பாரத்தைத் தாங்குபவை இவை. ஆண்களுக்கும் உண்டு, ஆகவே ஆண் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

இவை தனித்து உழைப்பனவல்ல. மேலே உதரவிதானம், முன்னே வயிற்றின் உள்தசை, பின்னே முதுகெலும்பையொட்டிய சிறு தசைகள், கீழே இந்தத் தளம். நான்கும் கூடி வயிற்றறையின் அழுத்தத்தை ஆள்கின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் தாழ்கிறது. தளமும் சற்றுத் தாழ்கிறது. மூச்சை விடும்போது இரண்டும் எழுகின்றன. நாம் இருமுவதற்குச் சற்று முன்னரே, நாம் அறியாமலே, இத்தசைகள் இறுகிக் காவல் காக்கின்றன. காவல் தளர்ந்தால் கசிவு. தாங்கும் வலிமை குன்றினால் உறுப்புகள் கீழிறங்குதல்.

உடல் நிலைக்கு இதில் என்ன வேலை? முதுகு வளைந்து, இடுப்பு பின்சாய்ந்து உட்காரும்போது இந்த நால்வர் கூட்டணி குலைகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த உடலியக்க மருத்துவ வல்லுநர் ரூத் சாப்ஸ்ஃபோர்டும் அவருடன் பணியாற்றியோரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் சரிந்து உட்காரும்போது இருப்பதைவிட, சாய்மானமின்றி நிமிர்ந்து உட்காரும்போது இத்தசைகளின் இயக்கம் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. பாட்டியின் சொல்லுக்குப் பின்னே இவ்வளவு பொருள் இருந்திருக்கிறது!

எனினும், விஞ்ஞான மாணவி என்ற முறையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டுமே எல்லாம் தீரும் என்பார் உண்மை சொல்பவரல்லர். மகப்பேறு, தீராத இருமல், மலச்சிக்கல், மிகுந்த உடல் எடை, இடைவிடாத பாரச்சுமை, மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம் எனக் காரணங்கள் பல. கசிவுக்குச் சிறந்த முதல் மருந்து தசைப் பயிற்சியே. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் அதை முறைப்படுத்தி எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நல்ல உடல் நிலை அந்தப் பயிற்சிக்குத் துணை. துணையை மருந்தென்று விற்கலாகாது. துணைதானே என்று தள்ளவும் ஆகாது.

இனித்தான் நான் சொல்ல வந்த செய்தி. நிமிர்ந்து உட்காருவதற்கு முதலில் உட்கார இடம் வேண்டுமன்றோ!

என் பெரியம்மா மகள் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். காலை முதல் இரவு வரை நின்றவண்ணம் புடவைகளை விரித்துக் காட்டுவது அவர் வேலை. நின்று சலித்த உடல் ஒரு காலில் பாரத்தைப் போட்டு ஒடிந்து நிற்கும். கழிப்பறைக்குப் போவதற்கு அனுமதி கேட்க வேண்டும். ஆகவே தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் முக்கல், முக்கலால் அதே தசைக்கு அடி. இவரைப் பார்த்து "நிமிர்ந்து நில்" என்று உபதேசிப்பது அறிவுரையா, பரிகாசமா?

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் இந்த நிலையை எதிர்த்துப் பெண்கள் எழுந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' என்ற அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது நாற்காலி. ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பயனாக 2018-இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் தன் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை வழங்கியது.

இது புதுக் கோரிக்கையும் அன்று. பிரிட்டனில் 1899-லேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நின்றே வேலை செய்யும் தொழிலாளர்க்கு இருக்கை வசதி வேண்டும் என்று நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. ஆலைக்குக் கிடைத்த அந்த நாற்காலி கடைக்கு வந்துசேர எழுபது ஆண்டுகள் ஆயின!

கடைக்கு வந்த நாற்காலி ஆரியங்கோட்டு ரப்பர் மரத்தடிக்கு வருமா? வராது. தோட்டக்காரரிடம் நாட்கூலிக்கு வெட்டுபவருக்கும், செங்கல் சுமப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் வேண்டியது நாற்காலி அன்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஓய்வும், அளவான சுமையும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கலாகாது என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. என் அம்மா சரிவில் இருந்தார், கையில் வாளியோடு.

இத்துன்பம் நம் கிராமத்துக்கு மட்டும் உரியதன்று. நேபாளத்தின் மலைக் கிராமங்களில் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பெண்கள் விறகும் நீரும் சுமக்கிறார்கள். கருப்பை இறக்கம் அங்கே பரவலான நோய். 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த நிலை பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. ஒரு தசையின் தளர்ச்சியை நீதிமன்றம் உரிமைப் பிரச்சினையாகக் கண்டது! நாமோ அதை வயதின் விளைவென்று சொல்லி வாய்மூடி இருக்கிறோம்.

"நம் பாட்டிமார் குனிந்து களை பறித்தார்கள், குந்தி உட்கார்ந்து அரைத்தார்கள், அவர்களுக்கு இந்த நோயெல்லாம் இருந்ததா?" என்று சிலர் கேட்பர். இருந்ததா என்று அவர்களை எப்போதாவது கேட்டோமா? சொல்லாத நோய் இல்லாத நோயாகிவிடாது. குந்துவதும் குனிவதும் தீங்கல்ல. மலங்கழிக்கக் குந்துவது மலக்குடலின் வளைவை நேராக்கி முக்கலைக் குறைக்கிறது. ஒரே நிலையில் மணிக்கணக்காக முடங்குவதும், மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குவதுமே தீங்கு.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. நூலகத்தில் உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் பதியட்டும். பாரம் இரு பக்கமும் சமமாக இறங்கட்டும். நிமிர்தல் என்பது படைவீரன்போல் விறைப்பதன்று. வயிற்றை நாள் முழுதும் உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதும் இத்தசைகளை இறுக்கி வலி தரலாம். அரைமணிக்கொருமுறை எழுந்து நடப்போம். பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டவாறு தூக்குவோம். பயிற்சியும் எளிது: வாயுவை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, சில நொடி நிறுத்தி, முழுதும் தளர்த்த வேண்டும். தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது அதை இடைநிறுத்திப் பழகக் கூடாது. கீழே ஏதோ இறங்கியதுபோலத் தோன்றினாலோ, வலியிருந்தாலோ மருத்துவரைக் காண்பதே முறை.

என் அம்மா இப்போது பயிற்சி செய்கிறார். முதல் நாள் நான் விளக்கியபோது முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "இதையா மக்களே காலேஜில் படிப்பிக்குதாங்க?" என்றார். மருத்துவரிடமும் அழைத்துச் சென்றேன். முழுதும் நலமாயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் சென்ற மாதம் பாறசாலைச் சந்தைக்குத் தனியே பேருந்தில் போய் மீன் வாங்கி வந்தார். வாளியை அரைப்பங்கு மட்டும் நிறைத்து இரண்டு நடையாகக் கொண்டுவருகிறார். நடை கூடினால் நேரமும் கூடும். அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

மன்றத் தோழர்களே! நமது அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெண் மருத்துவரை அழைப்போம். ஆண்களும் வந்து அமர்ந்து கேட்போம். துணி வாங்கக் கடைக்குப் போகும்போது, அங்கே நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்போம்; இல்லையேல் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்போம். விடுமுறைக்கு வீடு செல்லும்போது அம்மாவிடம் கேட்போம், எங்கே வலிக்கிறது என்று.

நிமிர்ந்து நில் என்று பிறருக்குச் சொல்லும் உரிமை, அவர் உட்காருவதற்கு இடம் தந்தவர்க்கே உண்டு.