ஐரோவின் கையில் ஏன் நெருப்பு?

எங்கள் போடிங் மேசையில் இப்போது ஒரு சிலை நிற்கிறது. என்னுடையதில்லை, றூம்மேட்டுடையது. ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்து ஆறேழு மாதமாகச் சேர்த்த காசு. கனடாவில் இருக்கும் அண்ணாவைக் கொண்டு ஓடர் பண்ணி, போன மாதம்தான் கைக்கு வந்தது. 'அவதார்: த லாஸ்ட் எயார்பெண்டர்' தொடரில் வருகிற ஐரோ. (நீல நிற ஆட்கள் வாற படம் இல்லை, அது வேற.) பெட்டியைத் திறந்ததும் அவனுக்குப் பயங்கர சந்தோசம். எனக்குத்தான் ஏமாற்றம்.

தாடி சரி, உடுப்பின் நிறம் சரி, முகமும் அச்சொட்டாக அதே முகம். ஆனால் இரண்டு கையிலும் நெருப்பு, நெரித்த புருவம், கத்துவது போலத் திறந்த வாய். இந்த மனுசனை எனக்குத் தெரியாது.

2005 தொடக்கம் 2008 வரை 61 பகுதிகளாக வந்த தொடர் அது. ஐரோ நெருப்பு தேசத்தின் பழைய தளபதி. இளவரசன் சூக்கோவின் தகப்பனுக்கு அண்ணன். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று முடித்துவிடுகிறார்கள், எங்கள் முறைக்குப் பெரியப்பா. பா சிங் சே நகரை 600 நாள் முற்றுகையிட்டவர், அந்தப் போரிலேயே தன் மகனைப் பறிகொடுத்தவர். நாங்கள் சந்திப்பது அதற்குப் பிறகான ஐரோவை. இரண்டாம் பருவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அதே நகரத்துத் தெருக்களில் அவர் பகல் முழுக்க நடக்கிறார். அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்கிறார். கத்தி காட்டிக் காசு கேட்டவனுக்கு எப்படிக் கால் ஊன்றி நிற்பது என்று பழக்கிவிட்டு, பிறகு அவனோடு இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். பொழுதுபட ஒரு குன்றில் ஏறி, மரத்தடியில் மகனின் படத்தை வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பாடிக்கொண்டே அழுகிறார். எல்லாம் சேர்த்துச் சில நிமிசம்தான். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாகோ 2006இல் இறந்துபோனார். அவர் நினைவுக்கே அந்தக் காட்சியைக் காணிக்கையாக்கினார்கள். இதைப் பார்த்த ஆருக்கும் ஐரோ என்றால் முதலில் நெருப்பா ஞாபகம் வரும்?

"மச்சான், அவரை 'மேற்கின் டிராகன்' எண்டுதான் கூப்பிடுறவங்கள். வாயாலயே நெருப்பு விடுறவர். இதுவும் தொடரில இருக்குத்தானே?"

இருக்கு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடரில் இருப்பதெல்லாம் சிலைக்குப் போதுமா?

அமெரிக்காவில் லூசில் போல் சிறுவயதில் வளர்ந்த செலரன் என்ற ஊரில், 2009இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 'ஐ லவ் லூசி'யில் அவர் மருந்து விளம்பரத்துக்கு ஒத்திகை பார்த்துப் பார்த்தே வெறித்துப்போகும் காட்சி பிரபலம். சிலையின் கையிலும் போத்தல், கரண்டி எல்லாம் சரியாக இருந்தன. முகம்தான் பேய் மாதிரி. 'பயங்கர லூசி' என்று பெயரே வந்துவிட்டது. சனம் பேஸ்புக்கில் சண்டை பிடித்து, 2016இல், அவருடைய 105ஆவது பிறந்தநாளன்று, அதே பூங்காவில் வேறு சிலை திறக்கப்பட்டது.

லூசிக்குப் பொருட்கள் சரி, முகம் பிழை. அது பார்த்தவுடன் தெரிகிற பிழை, ஆரும் சண்டை பிடிக்கலாம். எங்கள் ஐரோவில் முகம் சரி, ஆள் பிழை. இதற்கு ஆரிடம் போய் முறையிடுவது? இப்படியான சிலைகளைக் கணினியில் செதுக்கி, அச்செடுத்து, ரெசினில் வார்த்து, கையால் நிறம் பூசுகிறார்கள். தொடரின் உரிமையாளர் பார்த்து ஓம் சொன்னால்தான் வெளியே வரும். உடுப்பின் நிறம் பிழைத்தால் அங்கே பிடிபடும். நிற்கிற விதம் அந்த ஆளுடையதா என்பதை எந்த நிற அட்டையோடு ஒப்பிடுவது? முன்பதிவுக்குப் போடும் படத்தில் ஒளி ஊடுருவும் ரெசின் நெருப்பு நல்லா எடுபடும் என்பதும் உண்மை. குந்தியிருந்து தேத்தண்ணி ஊற்றுகிற கிழவன் படத்தில் அவ்வளவு எடுபடமாட்டார். எண்டாலும் நான் அவரைத்தான் வாங்குவேன். காசு இருந்தால்.

றூம்மேட் நேற்று தன் பிளேன்ரீயைச் சிலைக்கு முன்னால் வைத்துவிட்டு, "இப்ப சரியோ?" என்று கேட்டான்.

சரியில்லை. இரண்டு கையிலும் நெருப்பை வைச்சுக்கொண்டு அவர் கப்பை எப்பிடிப் பிடிக்கிறது?