விதியின் கணக்கில் எழுதப்படும் மரணங்கள்

நெல் விளைவிப்போன் ஒருவன் முப்பது வயதில் வயல் வரம்பிலே மாண்டால், அம்மரணத்திற்குச் சமூகம் வைத்திருக்கும் பெயர் 'விதி'. மட்டக்களப்பின் படுவான்கரையாயினும் வன்னியின் குளத்தடிக் கிராமமாயினும் சொல் ஒன்றே. இளம் மனைவியும் பால்மணம் மாறாப் பிள்ளைகளும் கதறும் முற்றத்தில் அயலார் அச்சொல்லைக் கூறுவது ஆறுதலுக்காக. அதிற் குறை காண்பதற்கில்லை. அதையே படித்தோரும் பதவியிலுள்ளோரும் கூறும்போது அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரமாகிறது.

பாம்புக்கடி மரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2012–2013 காலப்பகுதியில் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் கடியுண்பதாகவும், 30,000 பேரின் உடலில் நஞ்சேறுவதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. இவ்வாறு கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒன்று எங்ஙனம் 'எதிர்பாராத' மரணமாகும்? காலபோக நெல் முற்றும் மாசி, பங்குனியில் எலி வயலை நாடுகிறது. எலியை நாடிக் கண்ணாடி விரியன் வருகிறது. அதே வயலுள் வெறுங்காலுடன் மனிதன் இறங்குகிறான். இரவில் மண் தரையிற் பாய் விரித்து உறங்குவோனைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. பாம்பு வர்க்கம் பார்ப்பதில்லை என்பர். பாயும் கட்டிலும் வர்க்கத்தைப் பொறுத்தவை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

'சப்பாத்து அணிந்து வயலுக்குச் செல்லுங்கள்' என அறிவுரை கூறுவோர் உளர். ஒருமுறையேனும் சேற்றில் இறங்கியிருந்தால், நாலடி வைக்குமுன் இறப்பர்ச் சப்பாத்து புதைந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருப்பர். விஷகடி வைத்தியரிடம் சென்று காலத்தை வீணாக்கினான் என்று இறந்தவனையே குற்றவாளியாக்குவோரும் உளர். நள்ளிரவில் பஸ் ஓடாத ஊரில் கூப்பிடு தூரத்தில் இருப்பவர் விஷகடி வைத்தியர். விஷமுறிவு மருந்து இருப்பதோ பல கட்டை தொலைவிலுள்ள ஆஸ்பத்திரியில். இதனை மூடநம்பிக்கை என்று மட்டும் கூறி முடித்துவிட முடியாது. 1990 அம்புலன்ஸ் சேவை வந்தபின் நிலைமை ஓரளவு மாறியுள்ளது உண்மையே. ஆயினும் மாரியிற் சேறாகும் வயற்பாதையை அதுவும் தாண்டியாக வேண்டும். விரியன் நஞ்சினாற் குருதி உறையாதிருக்கிறதா என அறிய ஒரு கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும். இத்துணை எளிய சோதனையை எட்டுமுன்னரே ஒருவன் இறப்பது விதியன்று.

மரணத்தின் பின் வருபவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, விலங்கினால் நேர்ந்த மரணத்தையும் இயந்திரத்தினால் நேர்ந்த மரணத்தையும் ஒரே வரியில் வைத்து விசாரிக்கப் பணிக்கிறது. விசாரணையோடு அச்சமத்துவம் முடிந்துவிடுகிறது. தொழிற்சாலை இயந்திரத்திற் சிக்கி இறந்தவனின் குடும்பத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. அச்சட்டத்துக்கு ஒரு முதலாளி வேண்டும். குத்தகை வயலில் தனக்குத் தானே கூலியானவனுக்கு முதலாளி யார்? அரசாங்க எழுதுவினைஞரின் மனைவிக்கென 1898இலேயே விதவைகள், அநாதைகள் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. விவசாயிக்கு ஓய்வூதியச் சட்டம் வர 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் அவன் சொந்தப் பணத்தைச் செலுத்திச் சேரும் திட்டம். 2012இல் நிதியின்றிக் கொடுப்பனவு தடைப்பட்ட திட்டம். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கணவன் பட்ட கடன் மட்டும் தடைப்படாது அவளை வந்தடைகிறது.

வயலில் நிகழும் பாம்புக்கடி மரணம் தொழில்வழி மரணமெனச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபையும் ஆலை உரிமையாளரும் வாங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு சிறுதொகை அதற்கென ஒதுக்கப்படல் வேண்டும். நெல்லில் இலாபம் காண்போர் நெல்லின் ஆபத்திலும் பங்கேற்பதில் அநீதி ஏதுமில்லை. இதனை நடைமுறைக்கு ஒவ்வாதது என மறுப்போர், அடுத்த மாசி அறுவடை தொடங்குமுன் தமது காரணத்தைக் கூறட்டும்.