பயந்த பசுவின் மடி

மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது கறவைக்காரர்கள் அறிந்ததுதான். காரணத்தை 1941-ல் விளக்கியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈலியும் பீட்டர்சனும். கன்று முட்டினாலோ மடியைக் கழுவினாலோ மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலக்கிறது. மடியின் நுண்ணறைகள் சுருங்கிப் பால் இறங்குகிறது. பயந்தால் அட்ரினலின் குறுக்கே வந்துவிடுகிறது.

பயத்தை அளக்க உதவுவது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். ஆனால் ஒரு சிக்கல்: ரத்தம் எடுக்க மாட்டைப் பிடித்துக் கட்டினாலே அதன் அளவு எகிறிவிடும். எனவே பால், சாணம், ரோமம் ஆகியவற்றில் அதைத் தேடுகிறார்கள். பால் சொல்வது சில மணி நேரக் கதை. ரோமம் சொல்வது பல வாரக் கதை.

இந்தியாவில் பல தொழுவங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஆக்ஸிடோசின் ஊசி. இதைத் தடுக்க 2018-ல் மத்திய அரசு அம்மருந்தைத் தனியார் தயாரிப்பதற்குத் தடை விதித்தது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும் அதுவே. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

ஊசி பாலை இறக்கும். மாட்டின் பயத்தைப் போக்காது. பழகிய கை, மாறாத நேரம், அதட்டல் இல்லாத தொழுவம் ஆகியவை இரண்டையும் செய்யும். செலவும் இல்லை.