வேண்டுதலும் வீண்பழியும்

தைப்பூச நாளில் பத்துமலையின் 272 படிகளில் கரும்புத் தொட்டில் சுமந்து ஏறும் பெற்றோரைக் காணாதார் நம்மில் இலர். பிள்ளை வரம் பெற்றமைக்கும், பெற்ற பிள்ளை பிணி நீங்கிப் பிழைத்தமைக்கும் அவர்கள் செலுத்தும் நன்றிக்கடன் அது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றும் தாயும், பினாங்கு நாகூர் தர்காவில் கையேந்தி நிற்கும் தந்தையும் வேண்டுவது இதனையே. இவ்வேண்டுதலை இகழ்வது என் நோக்கமன்று. வேண்டுதலின் பெயரால் நம் சமுதாயம் இழைக்கும் கொடுமையைக் கண்டிப்பதே என் நோக்கம்.

உலகெங்கும் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இருதயக் குறையோடு பிறக்கிறது. இச்செய்தி ஒரு வீட்டை எட்டியதும் உறவினர் திரண்டு வருகின்றனர். ஆறுதலோடு வருவோர் சிலர். கேள்வியோடு வருவோரே பலர். "எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு மறந்தாய்?" "கிரகணத்தன்று வெளியே போனாயா?" "யார் செய்த பாவமோ!" பெற்ற வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது, அதில் எண்ணெய் ஊற்றுவதா பக்தி?

கருவின் இருதயம் ஏறத்தாழ 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரத்திற்குள் அதன் அறைகள் உருப்பெற்று விடுகின்றன. தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் ஐயமற உணராத காலம் அது. பெரும்பாலான குறைகளுக்குத் தனிக்காரணம் இன்னதென்று கூற இயலுவதில்லை. சில, மரபணுக் கோளாற்றால் வருவன; சில, கட்டுப்படாத நீரிழிவால் வருவன. கருவுற்ற தொடக்கத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா அம்மை குழந்தையின் கண்ணையும் இருதயத்தையும் கெடுக்கும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் எடுத்துரைத்தார். இப்பட்டியலில் செலுத்தாத நேர்த்திக்கடனுக்கு இடமில்லை.

"எல்லாம் ஊழ்" என்பார்க்கு ஒன்று கூறுவேன். 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைக் கூறிய வள்ளுவரே, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடினார். 95ஆம் அதிகாரத்தில் மருந்தைப் பாடினார். நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணம் தேடி, தீர்க்கும் வழி கண்டு செயற்படுக என்றார். ஊழென்று ஓய்ந்திருக்கச் சொல்லவில்லை.

பழியினும் கொடியது காலத்தாழ்வு. "என் பேரனுக்கும் இருதயத்தில் ஓட்டை இருந்தது, மண்டலம் விரதமிருந்தேன், மூடிக்கொண்டது" என்பார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. சிறிய ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்வன. ஆனால், அவர் சொல்லைக் கேட்டுப் பெரிய ஓட்டையுள்ள குழந்தையின் பெற்றோரும் காத்திருந்தால் என்னாகும்? அளவுக்கு மீறிய இரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரலின் குழாய்கள் தடித்துவிடும். அந்நிலை முற்றிய பின் ஓட்டையை மூடுவதே உயிருக்கு ஆபத்தாகும். பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறந்த குழந்தைக்கோ வாரக்கணக்கில்தான் அவகாசம். நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கம் புரட்டும் கை, அந்த அவகாசத்தையன்றோ கிழித்தெறிகிறது!

நம் பாட்டிமார் தோட்டத்து மாரியம்மனை மட்டுமே நம்பினர் என்றால், அவர்களுக்கு வேறு வழியில்லை. பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், பிறந்தபின் மூடாதிருந்த இரத்தக் குழாயைக் கட்டி வெற்றி கண்டது 1938இல்தான். நீலம் பாய்ந்த குழந்தைக்கு வாழ்வளிக்கும் அறுவையை ஹெலன் டாசிக், ஆல்பிரட் பிளாலாக், விவியன் தாமஸ் ஆகியோர் பால்டிமோரில் நிகழ்த்திக் காட்டியது 1944இல். நம் தலைநகரில் தேசிய இருதயக் கழகம் 1992இல் தோன்றியது. வழியே இல்லாத காலத்தில் காத்திருந்தது பக்தி. வழி திறந்த பின்னும் காத்திருப்பது பக்தியாகுமா?

அதற்காக, வேண்டுதலை எள்ளி நகையாடும் பகுத்தறிவுக்கும் நான் துணைபோகேன். அறுவைக்கூடத்தின் மூடிய கதவுக்கு வெளியே மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் தாய், முருகா என்கிறாள், மாதாவே என்கிறாள், அல்லா என்கிறாள். தன் கையில் இனி ஒன்றுமில்லை என்றறிந்த நெஞ்சு சாய்ந்துகொள்ளத் தோள் தேடுகிறது. அத்தோளைத் தட்டிவிட எவருக்கு உரிமை? எல்லாம் செய்தும் சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அவ்வீட்டு வாசலில் நின்று "நம்பிக்கை போதவில்லை" என்பவனோ பக்தனுமல்லன், மனிதனுமல்லன்.

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டென்பது குறள்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நான்காம் இடமே நமக்குரியது. இரத்ததானம் செய்வதும், வெளியூரிலிருந்து வந்த பெற்றோருக்குத் தங்க இடம் தருவதும், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிடுவதும் வேண்டுதலே. கோயில் நிருவாகங்கள் இதனைத் திருப்பணியாகக் கொண்டால் எந்தத் தெய்வம் கோபிக்கும்?

தமிழாசிரியர்களே, உங்கள் பணி இதனினும் பெரிது. ஓடியாடும் வேளையில் மூச்சிரைத்துக் குந்தி அமரும் பிள்ளையை, உதடு நீலம் பாயும் பிள்ளையைச் சோம்பேறி என ஏசாதீர்கள். பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். மார்பில் தழும்போடு வகுப்பிற்கு வரும் பிள்ளையைப் பாவத்தின் சின்னமாக எவரும் பார்க்கவிடாதீர்கள். மாணவர்களே, நாளை நீங்களும் பெற்றோராவீர், உறவினராவீர். அப்படியொரு தாயின் வாசலில் நிற்கும்போது, "என்ன செய்தாய்?" என்று கேளாதீர்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.